கோத்தகிரி ஏற்றத்துக்குக் கார்பன் சைக்கிள் தேவையா?

கோவையிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 44; வங்கியில் பணிபுரிகிறார்; எடை 72 கிலோ. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கிய குரோமோலி ஸ்டீல் (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) ரோடு பைக்கைத்தான் இன்றும் ஓட்டிவருகிறார். வெறும் சைக்கிளின் எடை 11.5 கிலோ. முன்னால் 52, 39 என இரண்டு பல்சக்கரங்கள், பின்னால் 12 முதல் 25 பல் வரை, 23 மி.மீ. டயரில் 120 பிஎஸ்ஐ காற்று. ஞாயிறுதோறும் உடன் வரும் நால்வரும் கடந்த இரண்டு ஆண்டுகளில் கார்பனுக்கு, அதாவது கார்பன் இழைகளைப் பிசினால் பிணைத்துச் செய்த ஃபிரேம் (சட்டம்) உள்ள சைக்கிளுக்கு, மாறிவிட்டார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு அவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட, இவருக்கு 2 மணி 40 நிமிடம் ஆகிறது. வழியில் முழங்கால் வலிக்கிறது. எழுபது கிலோமீட்டரைத் தாண்டினால் இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. சென்ற ஆண்டு 200 கி.மீ. பிரெவேயை (குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர ஓட்டம்) 12 மணி 50 நிமிடத்தில் முடித்திருக்கிறார். அதில் ஓடிய நேரம் 9 மணி 40 நிமிடம். 2027இல் பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்குப் போக வேண்டும் என்பது கனவு. கையில் 2.4 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, அதில் 8.3 கிலோ எடையுள்ள புதிய கார்பன் சைக்கிள் ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறார். பெங்களூருவில் ஒருவர் ஐந்து ஆண்டு ஓட்டிய கார்பன் சைக்கிளை, கார்பன் ரிம்களோடு, 95,000 ரூபாய்க்குத் தருவதாகவும் சொல்கிறார். “மாறினால் உண்மையிலேயே பயன் உண்டா? கார்பன் ஒருநாள் சொல்லாமல் உடைந்துவிடும் என்கிறார்களே? பழையதை நம்பி வாங்கலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

பல் எண்ணிக்கை, காற்றழுத்தம், ஓடிய நேரம், நின்ற நேரம் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். என் பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதே தெரியாது. நீங்கள் தந்த எண்களிலேயே பதிலும் பெருமளவு இருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

முதலில் கோத்தகிரிக் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் எடை 72, சைக்கிள் 11.5, தண்ணீர், பை, உடுப்பு, காலணி எல்லாம் சேர்த்து ஒரு 3 என்று வைத்தால், மலை மேல் நீங்கள் தூக்கிச் செல்வது 86.5 கிலோ. புதிய சைக்கிளில் குறையப்போவது 3.2 கிலோ. சைக்கிளை மட்டும் பார்த்தால் இது கால் பங்குக்கும் மேல் என்பதால் மலைப்பாகத் தெரிகிறது. ஆனால் மலைக்குத் தெரிவது மொத்த எடை மட்டுமே, அதில் இது 3.7 சதவீதம்தான். ஏறத்தாழ 33 கிலோமீட்டரில் 1,450 மீட்டர் அளவுக்கு உயரும் அந்தப் பாதையில், இப்போது மிதிக்கும் அதே வலுவோடு மிதித்தால், உங்கள் 160 நிமிடத்தில் ஐந்து முதல் ஆறு நிமிடம் குறையும். நண்பர்களுக்கும் உங்களுக்கும் இடையே இருப்பது நாற்பது நிமிடம். மீதமுள்ள முப்பத்து நான்கு நிமிடத்துக்கு உங்கள் ஃபிரேம் பொறுப்பல்ல.

சமதரையில் இந்த வேறுபாடு இன்னும் சிறுத்துவிடும். மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் போக உங்களுக்குச் சுமார் 140 வாட் தேவைப்படும் என்றால், அதில் மூன்றில் இரண்டு பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. அந்தக் காற்றைத் தடுத்து நிற்பதும் பெரும்பாலும் சைக்கிள் அல்ல, உங்கள் உடம்புதான். 3.2 கிலோ குறைவதால் சமதரையில் மிச்சமாவது ஏறத்தாழ ஒன்றரை வாட். அவினாசி சாலையில் எதிர்க்காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அதைப் போல் பல மடங்கு போய்விடும்.

“கார்பன் விறைப்பாக இருப்பதால் மிதிப்பது முழுவதும் சக்கரத்துக்குப் போகிறது, ஸ்டீல் வளைந்து வீணாக்குகிறது” என்று நண்பர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எஃகு வில்லைப் போன்றது. மிதிக்கும்போது சிறிது வளைகிறது, திரும்பும்போது வாங்கியதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடுகிறது. 1991 முதல் 1995 வரை மிகுவேல் இண்டுராயின் தொடர்ந்து ஐந்து முறை டூர் டி பிரான்ஸ் வென்ற காலத்திலும் பந்தயக் கூட்டத்தில் எஃகுக் குழாய் ஃபிரேம்கள் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தன. பந்தயக்காரர்கள் அதற்குப் பின் கார்பனுக்கு மாறியதற்கு நல்ல காரணங்கள் உண்டு. இழைகளை வேண்டிய திசையில் அடுக்கி, ஓரிடத்தை விறைப்பாகவும் இன்னோர் இடத்தை இளக்கமாகவும் செய்ய முடியும். காற்றைக் கிழிக்கும் வடிவத்தில் வார்க்க முடியும். எடையையும் வெகுவாகக் குறைக்க முடியும். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2000ஆம் ஆண்டில் பந்தய சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று வரம்பு கட்டவேண்டிய அளவுக்கு அது இறங்கியது. நூறில் ஒரு பங்கு நேரத்துக்காகப் பிழைப்பு நடத்துபவர்களுக்கு அது பெரிது. உங்கள் தேவை வேறு.

முழங்கால் வலிக்குக் காரணம் பல்சக்கரம்

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட வரி “39, 12–25” என்பது. மலை ஏறும்போது நீங்கள் போடக்கூடிய மிக இலேசான கியர் முன்னால் 39, பின்னால் 25. அதில் ஒரு மிதிச் சுற்றுக்குச் சைக்கிள் 3.3 மீட்டர் நகரும். எட்டு சதவீதச் சரிவில் உங்கள் வேகம் மணிக்கு 8 கி.மீ. அளவுக்கு இறங்கும்போது, நிமிடத்துக்கு நாற்பது சுற்றுதான் மிதிக்கிறீர்கள். செக்கு மாடு சுற்றுவது போல, ஒவ்வொரு சுற்றிலும் முழு எடையையும் முழங்காலில் இறக்கி ஏறுகிறீர்கள். உங்கள் நண்பர்களுடைய புதிய சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 34, பின்னால் 34 இருக்கும். ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். அதே வேகத்தில் அவர்கள் அறுபதுக்கு மேல் சுற்றுகிறார்கள். ஒவ்வொரு மிதியிலும் முழங்காலில் இறங்கும் விசை உங்களுடையதில் மூன்றில் இரண்டு பங்குதான். அவர்கள் கார்பனால் இலேசாக ஏறுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவர்களும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இதைச் சரிசெய்ய ஃபிரேமை மாற்ற வேண்டியதில்லை. முன்னால் 50–34 கிராங்க் (மிதிக்கட்டையோடு சேர்ந்த பல்சக்கரங்கள்), பின்னால் 11–34 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), அந்தப் பெரிய பல்லைத் தாங்கும் நீளக் கூண்டுள்ள கியர் மாற்றி, அதற்கேற்ற புதிய செயின் ஆகியவை போதும். பின்னால் எத்தனை பல்சக்கரங்கள் உள்ள தொகுதி என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்பதாகவோ பத்தாகவோ இருந்தால் இவை எளிதில் கிடைக்கும். இந்த மாற்றத்தால் உங்கள் நேரம் எவ்வளவு குறையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன், அது உங்கள் காலைப் பொறுத்தது. ஆனால் வழியில் நிற்காமல் ஏறுவீர்கள் என்றே நினைக்கிறேன்.

மரத்துப்போகும் விரல்கள்

சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்துப்போவது, மணிக்கட்டின் வெளிப்பக்கமாக உள்ளங்கைக்குள் நுழையும் அல்னார் நரம்பு நசுங்குவதன் வழக்கமான அடையாளம். கார்பன் ஃபிரேம் அதிர்வை விழுங்கிவிடும், ஆகவே இது தானாகத் தீரும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை. ரோடு பைக்கின் முக்கோணச் சட்டம், எஃகானாலும் கார்பனானாலும், மேலும் கீழுமாக வளைந்து கொடுப்பது மிகச் சொற்பம். சாலையின் அதிர்வை உண்மையில் வாங்கிக்கொள்வது டயர்தான், அதற்கடுத்து சீட் கம்பியும் ஹேண்டில்பார் சுற்றுத் துணியும். நீங்களோ 23 மி.மீ. டயரில் 120 பிஎஸ்ஐ அடித்து அந்த மெத்தையைக் கல்லாக்கி வைத்திருக்கிறீர்கள். காற்று கூடக்கூட வேகமாக உருளும் என்பது பளபளப்பான பந்தயத் தளத்துக்குப் பொருந்தலாம். நம்முடைய ஜல்லி துருத்திய தார்ச் சாலையில், டயர் ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளித் துள்ளி உங்களையே குலுக்கிச் சக்தியைத் தின்கிறது.

உங்கள் பிரேக்கும் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இடம் கொடுத்தால் 28 மி.மீ. டயர் போடுங்கள், இடமில்லாவிட்டால் 25. இருபத்தெட்டுக்கு முன்னால் 70, பின்னால் 75 முதல் 80 பிஎஸ்ஐ வரை போதும். வாங்கும்போது, பஞ்சரே ஆகாது என்று விற்கப்படும் தடித்த டயரை விட்டு, மெல்லிய, இளகிய உறையுள்ள டயராகப் பாருங்கள். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 10 முதல் 20 வாட் வரை மிச்சமாகலாம். மேலே சமதரையில் 3.2 கிலோ குறைந்து கிடைத்த ஒன்றரை வாட்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டயருக்கு அடுத்தது உட்காரும் நிலை. சீட்டின் மூக்கு முன்னால் சாய்ந்திருந்தாலோ, ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலோ உடம்பின் பாரம் உள்ளங்கைக்கு வந்துவிடும். முன்பு வேறொருவர் தன் அளவுக்கு அமைத்துக்கொண்ட சைக்கிள் இது. ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) இரண்டு சென்டிமீட்டர் குறைப்பது, ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துவது, சீட்டை மட்டமாக்குவது போன்ற சின்ன மாற்றங்களுக்கு, அளவெடுத்து அமைத்துத் தரும் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். இந்த அளவுகள் தெரியாமல் புதிய சைக்கிள் வாங்கினால் இதே வலியை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கியதாகிவிடும். சைக்கிளைவிட்டு இறங்கிய பிறகும் மரப்பு ஓரிரு நாள் நீடித்தாலோ, பிடியில் வலு குறைந்தாலோ, நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்; அது சைக்கிள் பட்டறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

“சொல்லாமல் உடையும்” என்ற அச்சம்

இதில் பாதி உண்மை. எஃகு பெரும்பாலும் வளைந்த பிறகே உடைகிறது. வண்ணப்பூச்சு சுருங்கி, விரிசல் கோடு விட்டு எச்சரிக்கிறது. கார்பன் அப்படி வளையாது, எல்லையைத் தாண்டினால் முறிந்துவிடும். ஆனால் அடிபடாத, ஒழுங்காகச் செய்யப்பட்ட கார்பன் ஃபிரேம் வயதானதால் மட்டும் முறிவதில்லை. சாதாரணக் குழிகளையும் குலுக்கல்களையும் தாங்குவதில் அது எஃகுக்கு இளைத்ததல்ல. அதன் பகைவர்கள் இரண்டு: ஒரே புள்ளியில் விழும் அடி, அளவுக்கு மீறிய இறுக்கம். டீக்கடைச் சுவரில் சாய்த்த சைக்கிள் காற்றில் சரிந்து, மேல் குழாய் நடைபாதைக் கல்லின் விளிம்பில் விழுவது, அது பாலாற்றுப் பாலத்துக் குழியில் இறங்குவதைவிட ஆபத்தானது. காரின் பின்னால் மாட்டும் தாங்கியில் குழாயைப் பிடித்து இறுக்குவதும், ரயில் பார்சல் பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே செருகுவதும் அப்படித்தான்.

இறுக்கத்தைப் பற்றி எனக்கு ஒரு பாடம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், வாடிக்கையாளர் ஒருவரின் கார்பன் சீட் கம்பியை, எஃகுக்குப் பழகிய கையால், இன்னும் ஒரு கால் திருகு என்று திருகினேன். காய்ந்த பனையோலையை மடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. வெளியே மயிரிழைக் கோடுகூடத் தெரியவில்லை; கழற்றிப் பார்த்தபோது உட்புறம் பிளந்திருந்தது. அந்தக் கம்பிக்கு நான் பணம் கட்டினேன், அன்றே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் ஒன்றும் வாங்கினேன். ஸ்டெம் திருகுகளில் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். கார்பனுக்கு மாறுபவர் அந்த எண்ணை மதிக்கப் பழகவேண்டும்.

மறுபக்கமாக, “ஸ்டீல் என்றால் எந்த ஊரிலும் பற்றவைத்துக்கொள்ளலாம்” என்று நீங்கள் எழுதியிருப்பதையும் திருத்தவேண்டும். உங்கள் ஃபிரேமின் குழாய்கள் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கக்கூடும். இந்த உத்திக்கு ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நல்ல குழாயில் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். இரும்புக் கதவு, ஜன்னல் செய்யும் வெல்டிங் கடையில் கொடுத்தால் ஓட்டை விழும். பித்தளைப் பற்று வைக்கத் தெரிந்த கைதான் வேண்டும். கார்பனையும் இன்று பழுது பார்க்கிறார்கள்.

பெங்களூரு சைக்கிள் வேண்டாம்

இதில் எனக்குத் தயக்கமில்லை. பெரும்பாலான நிறுவனங்களின் ஃபிரேம் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே, கைமாறினால் போய்விடும். தனி நபர் ஒருவர் தன் பழைய பொருளை விற்கும்போது, கடையில் வாங்குபவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் பிடிமானத்தையும் நீங்கள் எதிர்பார்க்க முடியாது. “விழுந்ததே இல்லை” என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவருக்கே தெரியாமல் பட்ட அடியும் இருக்கலாம்.

இதைவிட என்னை உறுத்துவது அந்தக் கார்பன் ரிம்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கோடு கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது, பிரேக் கட்டையின் உரசல் சூடு முழுவதும் ரிம்மிலேயே ஏறுகிறது. அலுமினியம் அந்தச் சூட்டைக் கடத்திக் காற்றில் விட்டுவிடும்; கார்பன் ரிம் அப்படி விடாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வருபவருக்குப் பிசின் இளகி, ரிம்மின் விளிம்பு பிதுங்கி, டியூப் வெடித்த நிகழ்வுகள் உண்டு. நீலகிரிப் பக்கம் ஓட்டுபவருக்கு டிஸ்க் பிரேக், இல்லையென்றால் அலுமினிய ரிம். மூன்றாவது வழியை நான் சொல்ல மாட்டேன்.

எப்போதாவது வேறொரு பழைய கார்பன் சைக்கிளைப் பார்க்கப் போனால், ஃபோர்க்கைக் கழற்றி, அதன் தண்டில் ஸ்டெம் பிடிக்கும் இடத்திலும் அடிக் கழுத்திலும் விரிசல் கோடு இருக்கிறதா என்று பார்க்க விற்பவர் சம்மதிக்க வேண்டும். சீட் கம்பியும் வெளியே வரவேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தால் குழாய் நெடுகத் தட்டுங்கள். “டக் டக்” என்று போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் ஈர அட்டையைத் தட்டியது போல மங்கினால் அங்கே சந்தேகம் கொள்ளுங்கள். முதல் பில்லும், ஃபிரேமின் அடியில் உள்ள வரிசை எண்ணும் பொருந்தவேண்டும். பெயர் பெற்ற இத்தாலிய ஃபிரேம்களைப் போல அச்சு அசலாகச் செய்த போலிகள் சந்தையில் உண்டு.

பாரிஸ் கனவைப் பற்றி

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கிலோமீட்டர். அதிகபட்சம் 90 மணி நேரம். மொத்த ஏற்றம் ஏறத்தாழ 12,000 மீட்டர். 1891இல் தொடங்கிய அந்த ஓட்டத்தில் இன்றும் எஃகு சைக்கிள்கள் ஏராளம் ஓடுகின்றன. மட்கார்டு, முன்பக்கப் பை, டைனமோ விளக்கு எல்லாம் மாட்ட எஃகு ஃபிரேமில் துளைகள் இருப்பது ஒரு காரணம். பந்தயத்துக்கென்று செய்த பல கார்பன் ஃபிரேம்களில் அந்தத் துளைகளே இருக்காது. அங்கே போவதற்கு முன் அதே ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. என்ற நான்கு பிரெவேக்களையும் நீங்கள் முடிக்கவேண்டும்; 600க்கு 40 மணி நேரம். உங்கள் 200ஐப் பாருங்கள்: மூன்று மணி பத்து நிமிடம் நின்றிருக்கிறீர்கள். டீக்கடையில் காலணியைக் கழற்றி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும், அதனால் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துவது எந்தக் கார்பனும் தராத வேகம். 600இல் அது இரவுத் தூக்கமாகத் திரும்பக் கிடைக்கும்.

எனவே என் ஆலோசனை இது. கியர், டயர், அளவமைப்பு மூன்றையும் இப்போதைய சைக்கிளில் செய்யுங்கள்; என் கணிப்பில் 30,000 முதல் 40,000 ரூபாய்க்குள் முடியும். ஆறு மாதம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் கார்பன் வேண்டும் என்று தோன்றினால், மீதிப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் புதியதை வாங்குங்கள். ஆசைப்பட்டு வாங்குவதில் எந்தக் குற்றமும் இல்லை, காலையில் படுக்கையைவிட்டு எழுப்பும் சைக்கிள் நல்ல சைக்கிள்தான். அப்போது டிஸ்க் பிரேக், 32 மி.மீ. டயருக்கு இடம், 34–34 கியர், நீண்ட தூரத்துக்கான நிமிர்ந்த அமைப்பு ஆகிய நான்கையும் விட்டுக்கொடுக்காதீர்கள். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஸ்டீலை மட்டும் விற்றுவிடாதீர்கள். அதற்குக் கிடைக்கப்போகும் பணம் சொற்பம், மழைக்காலத்துக்கும் பிரெவேக்கும் அது உதவும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். சீட் கம்பியில் இப்போதைய உயரத்தைக் குறித்துக்கொண்டு, திருகைத் தளர்த்தி, கம்பி திரும்புகிறதா என்று பாருங்கள். ஒன்பது ஆண்டில் அதைக் கழற்றியதாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி, நடுவே வியர்வையும் மழைநீரும் என்று இருந்தால் இரண்டும் அரித்துப் பிடித்துக்கொள்ளும். அசையாவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை விளிம்பில் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் சீட்டையே பிடியாகக் கொண்டு மெல்லத் திருப்புங்கள். வெளியே வந்ததும் துடைத்து, கிரீஸ் தடவி, குறித்த இடத்தில் பொருத்துங்கள். வரவே வராவிட்டால் அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கம்பி விடுபடும்வரை உங்கள் அளவமைப்பைத் தொடங்க முடியாது.